எண்ணெய் பட்ட கால்

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு எங்கள் கோவிலில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள். முன்பெல்லாம் அந்த நாற்காலி ஆண்களுக்கு மட்டும்தான். இப்போது பெண்களையும் உட்கார வைக்கிறார்கள். பெசன்ட் நகரில் முட்டிவலி இல்லாத கிழவி யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, என்னைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு சீடர்களில் நான் யார் என்று கேட்டேன். பணப்பையைச் சுமந்து, கடைசியில் காட்டிக்கொடுத்தவன் இடத்தில் மட்டும் என்னை உட்கார வைத்துவிடாதீர்கள், என் மருமகள் உடனே நம்பிவிடுவாள் என்றும் சொல்லி வைத்தேன்.

சாமியார் சின்னப் பிள்ளை. என் பேரன் வயசுதான் இருக்கும். என் வலது காலில் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றிவிட்டு, பக்கத்து நாற்காலிக்கு நகரப் போனார். நான் இடது காலையும் நீட்டினேன்.

"பாட்டி, ஒண்ணு போதும்" என்றார், காதோடு.

"எங்க வூட்ல ரெண்டையும் கழுவுறதுதான் வழக்கம் சாமி."

அவர் சிரித்துக்கொண்டே கழுவிவிட்டார். வெளியே வந்ததும் கடற்கரைச் சிநேகிதிகள் நீங்கள் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். கிழவிக்கு இந்த வயசில் என்ன திமிர் என்று ஒருத்தி. ஓசியில் கிடைத்தால் இன்னொரு கால் இருந்தாலும் நீட்டியிருப்பாள் என்று இன்னொருத்தி. அதனால்தான், என் முட்டிவலிக்காரிகளே, இதை எழுதி வைக்கிறேன். கடற்கரையில் உட்கார்ந்து வாயால் சொன்னால் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும், மீதியை உங்கள் காது கொண்டுபோய்விடும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா அடையாற்றங்கரையில் கீரை போட்டவர். அடையாறில் வயலா என்று என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு ஆற்றுப் பக்கம் போனால் கிணறு, ஏற்றம், பூவரச மரம், பாத்தி பாத்தியாக முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, வரப்போரமாக வெண்டை. வெயில் ஏறுவதற்குள் என் அப்பா கட்டுகளை வண்டியில் அடுக்கி மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போவார். நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் கபாலி கோவில் மாடவீதி அம்மாக்கள் எங்கள் கீரையைத்தான் தேடி வாங்குவார்கள். கீரை ஞானஸ்நானம் வாங்கவில்லையே என்பார் தாத்தா.

பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டுச் சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில் இருந்தது. அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த ஊரில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எல்லோருக்கும் மூத்தவர் பெரியப்பா. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் காற்சட்டை போட்ட ஒரே ஆள். அவர் பூசையில் முழங்கால் போட்டால் மடிப்பு கலைந்துவிடும் என்று பெஞ்சின் நுனியில் தொங்கிக்கொண்டிருப்பார். எத்தனை பேர் இருந்தாலும், சாயங்காலம் தாத்தா ஜெபமாலையைச் சொல்லி முடிக்காமல் அந்த வீட்டில் ஒரு தட்டு தரையில் விழாது. அவர் ஐம்பத்து மூன்று மணியையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது அடுப்பிலிருந்து குழம்பு வாசனை வரும். எனக்குப் பக்தி வந்ததெல்லாம் அந்த வாசனையில்தான்.

தாத்தா செருப்புப் போட்டதே கிடையாது. வரப்பிலிருந்து பாத்திக்கு இறங்கும்முன் நெற்றியில் சிலுவை போட்டு, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பெரியப்பாவின் சிநேகிதர் ஒருத்தர் ஒருநாள் பூட்சோடு பாத்திக்குள் கால் வைத்துவிட்டார். தாத்தா திட்டவில்லை. அவர் வைத்த இடத்தை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டார். அந்த ஆள் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. மழைத் தண்ணீரில் நின்று மடை கட்டியதால் வந்த காய்ச்சல். கஷாயம் கேட்கவில்லை, டாக்டர் ஊசியும் கேட்கவில்லை. பேச்சு நின்றது. அப்பா போய்ச் சாமியாரைக் கூட்டி வந்தார். அவர் சைக்கிளில் எண்ணெய்ச் சிமிழோடு வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். கண்ணில், காதில், மூக்கில், உதட்டில், கையில் எண்ணெய் தொட்டு வைத்தார். கடைசியாக இரண்டு காலிலும். தாத்தாவின் பாதம் முழுக்க வெடிப்பு. எண்ணெய் அந்த வெடிப்புக்குள் இறங்கி மறைந்தது. அத்தனை காலம் பாத்திக்கே தண்ணீர் பாய்ச்சிய மனுஷனுக்கு அன்றைக்குத்தான் யாரோ பாய்ச்சினார்கள். துடைத்த பஞ்சை அத்தை அடுப்பில் போட்டு எரித்தாள்.

பெரியப்பா எதிலும் முன்யோசனைக்காரர். அன்றைக்குச் சாயங்காலமே மயிலாப்பூரிலிருந்து சவப்பெட்டி வந்து இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் தாத்தா கண்ணைத் திறந்து, கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார்.

பெட்டியைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆள் இல்லாமல் திரும்பிப் போகிற பெட்டி வேறு ஒரு ஆளைத் தேடும் என்று கடைக்காரரே வாங்க மறுத்துவிட்டார். கொட்டகையில் இரண்டு கட்டை போட்டு அதன்மேல் வைத்தார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் தாத்தா போய் அதைத் தட்டிப் பார்த்தார். "நல்லா கீது. எலி பூராது" என்று சொல்லி, கீரை விதையை எல்லாம் அதில் கொட்டி மூடினார். நான் யாரும் பார்க்காதபோது மூடியைத் தூக்கி உள்ளே கையை விடுவேன். கறுப்பு மணல் மாதிரி விதை. முழங்கை வரைக்கும் குளிரும். வார்னிஷ் நெடி கையில் ரெண்டு நாள் இருக்கும்.

அவர் எழுந்துவிட்டார் என்று ஊரெல்லாம் சந்தோஷப்பட்டபோது அத்தை ஒரு வார்த்தை சொன்னாள். மந்திரித்த எண்ணெய் பட்ட கால், இனிமேல் எருவிலும் சேற்றிலும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் எழுந்த ஆள் நிலைக்க மாட்டான்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாமியாரைக் கேட்டிருந்தால் வெற்றிலை போடுகிற நேரத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் சாமியாரிடம் நாங்கள் கேள்வி கேட்டுப் பழகியதில்லை. அவர் கேட்பார், நாங்கள் பாவத்தைச் சொல்வோம். அதோடு சரி. வேடிக்கை என்னவென்றால், பூசையில் தொங்கித் தூங்குகிற பெரியப்பா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய பக்திமான் ஆகிவிட்டார். தங்கச்சி சொல்வது ரொம்பச் சரி என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். தாத்தாவுக்கு ஒரு ஜோடி கான்வாஸ் பூட்சும் வாங்கி வந்தார்.

தாத்தா அந்தப் பூட்சில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலில் கயிறு கட்டிய கோழி மாதிரி ஒவ்வொரு அடியையும் தூக்கித் தூக்கி வைப்பார். பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே பத்தடியில் அவர் பாத்தி. வெறுங்காலோடு இறங்க அத்தையின் எண்ணெய் விடவில்லை. பூட்சோடு இறங்க அவருடைய மண் விடவில்லை.

அவர் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நல்ல சாக்கு. அவர் கட்டிலில் இருந்தபடி, மூணாவது பாத்தி மடையைத் திற என்று சத்தம் போடுவார். என் அப்பா நாலாவதைத் திறப்பார். அப்பா கெட்டிக்காரர்தான், ஆனால் வண்டிக்கு. தாத்தா கண்ணை மூடிக்கொள்வார். கான்வாஸுக்குள் அவர் கட்டைவிரல் மேலும் கீழும் அசையும். கீரை ஓரம் சுருங்கி, பூச்சி விழுந்து, கட்டு மெலிந்துகொண்டே வந்தது. மார்க்கெட்டில் அப்பாவிடம், உன் அப்பனுக்கு உடம்பு இன்னும் தேறவில்லையா என்று கேட்டார்களாம். கீரையைப் பார்த்தே கேட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் தேங்காய்ச் சிரட்டையில் ஈர மண் எடுத்து வரச் சொன்னார். கொடுத்தேன். மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் சிரட்டையை மடியிலேயே வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை தூங்குது தாத்தா. எறங்கிட்டு வந்துடு. நான் பாக்கல."

"நீ பாக்கல, சரி. எண்ணெ பாத்துக்கினுதானே கீது?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவரும் நம்புகிறார் என்று. நம்பாத ஆளாக இருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடை பிடித்த ஒருத்தர் பெரியப்பாவோடு வந்தார். இரண்டு பேரும் வரப்பில் நடந்து நடந்து கையை நீட்டிப் பேசினார்கள். அவர் நிலத்தை வாங்கி மனை பிரித்து விற்கிறவர். ஈஸ்டர் முடிந்ததும் கல் நடலாம் என்று பேசிக்கொண்டது எனக்கே கேட்டது. அவர் போன பிறகு பெரியப்பா கட்டில் ஓரம் குந்தினார். அவர் குந்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மடிப்பு கலைந்தது.

"உன்னால எறங்க முடியாத நெலம் நைனா. தம்பிக்கும் வரல. கீரை போற போக்கைப் பாத்தியா? இன்னாத்துக்கு வெச்சிக்கினு?"

தாத்தா பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எறங்கினா?"

"எறங்கக் கூடாதே. நானா சொல்றேன்? எண்ணெ பட்ட காலு."

"அத்த வுடு. எறங்கினா கல்லு பேச்சு எடுக்க மாட்டியே?"

"நீ எறங்கினா நான் ஏன் எடுக்கப் போறேன்" என்றார் பெரியப்பா. அத்தையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அத்தை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து கிழவனைக் கட்டிலில் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அத்தை கொடுத்த கடலையுருண்டையைக்கூட இரண்டு நாள் தின்னவில்லை. மூன்றாம் நாள் தின்றேன். கோபம் வேறு, கடலையுருண்டை வேறு.

பல வருஷம் கழித்து, என் முதல் பிரசவத்தின்போது இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அத்தை சொன்னாள். அவள் புருஷனும் எண்ணெய் பூசிப் பிழைத்து எழுந்தவராம். எழுந்த வாரமே நாற்று நட்டாக வேண்டும் என்று சேற்றில் இறங்கினாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லை. அந்த ஊரில் ஒரு கிழவி அவளைத்தான் திட்டினாளாம், எண்ணெய் பட்ட காலை ஏன்டி சேற்றுக்கு விட்டாய் என்று. அவள் மண்டையில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. பெரியப்பாவின் மனைக்கும் கல்லுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பன் சாகக் கூடாது, அவ்வளவுதான். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்ததும் அவர் செருப்பைத் தூக்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள்தானே நான். மனுஷன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

பெரிய வியாழன் நெருங்கியது. பாதம் கழுவ ஆள் சேர்த்துக்கொண்டு கோவில் உபதேசியார் வீடு வீடாக வந்தார். வருஷா வருஷம் தாத்தாவைக் கேட்பார்கள். என் காலைச் சாமியார் தொடுவதா, பாவம் என்று தாத்தா ஒளிந்துகொள்வார். அந்த வருஷம் உபதேசியார் வாயைத் திறக்கும் முன்பே, என் பெயரைச் சேர்த்துக்கோ என்றார் தாத்தா. கிழவருக்குச் சாவு பயம் வந்து பக்தி முற்றிவிட்டது என்று பெரியப்பா சொன்னார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு மத்தியானம் சீயக்காய் போட்டு, கல்லால் தேய்த்து, அவர் இரண்டு காலையும் வெளுக்க வைத்தாள். சாமியார் கழுவப் போகிற கால் அழுக்காக இருக்கலாமா? நாங்கள் எல்லோரும் கழுவிவிட்டுத்தான் கழுவக் கொண்டுபோவோம்.

சாயங்காலப் பூசை. கோவில் நிறைய ஜனம். பன்னிரண்டு கிழவர்களும் வேட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா நாலாவது. பூட்ஸை என்னிடம் கொடுத்திருந்தார். தாத்தாவுக்கு எண்ணெய் பூசிய அதே சாமியார்தான் இடுப்பில் துண்டு கட்டி, முழங்கால் போட்டு, ஒவ்வொருத்தர் வலது காலாகக் கழுவி வந்தார். தாத்தாவின் வலது காலைக் கழுவித் துடைத்தார். நகரப் போனார்.

தாத்தா இடது காலைத் தாம்பாளத்துக்கு மேல் நீட்டினார்.

உபதேசியார் குனிந்து, ஒன்றுதான் பெரியவரே என்றார். தாத்தா காலை எடுக்கவில்லை. பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டு கால்லயும் எண்ணெ பூசினீங்க சாமி. ஒண்ணத்த மட்டும் கழுவினா நான் நொண்டிக்கினா கழனிக்கு எறங்கறது?"

சாமியார் அண்ணாந்து பார்த்தார். எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டம் அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. தாத்தாவைப் பார்த்தார், என் கையில் இருந்த பூட்ஸைப் பார்த்தார், பெண்கள் பக்கம் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அத்தையையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். அது பாவமும் இல்லை, சட்டமும் இல்லை, நீ எப்போதும் இறங்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுபடியும் முழங்கால் போட்டு, இடது காலைக் கையில் ஏந்தி, செம்பில் இருந்ததை எல்லாம் ஊற்றி, வெடிப்பு வெடிப்பாகத் தேய்த்துக் கழுவினார். உபதேசியார் வேறு தண்ணீர் எடுத்து வர ஓட வேண்டியதாயிற்று.

பூசை முடிந்து எல்லோரும் நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது தாத்தா எழுந்து வெளியே நடந்தார். நான் பூட்ஸோடு பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அத்தை. தெருவில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெறுங்காலில் அவர் நடை திரும்பி வந்திருந்தது. எங்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் வரப்புக்குப் போனபோது அவர் சிலுவை போட்டு முடித்திருந்தார்.

"வேணா நைனா" என்றாள் அத்தை. அவளுக்கு மூச்சு வாங்கியது. "வேணா. தண்ணி பட்டா எண்ணெ போயிடுமா?"

"சாமியாரு கைத்தண்ணி. போவாம?"

இறங்கிவிட்டார். கணுக்கால் வரைக்கும் ஈரத்தில் நின்று, ஒரு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தார். அப்புறம் காலாலேயே மூன்றாவது பாத்தி மடையைத் தள்ளித் திறந்தார். அத்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாளா ஜெபம் சொன்னாளா என்று தெரியவில்லை, உதடு அசைந்துகொண்டே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகும் வரைக்கும் அவள் ராத்திரி எழுந்து எழுந்து அவர் மூக்குக்கு முன்னால் கை வைத்துப் பார்த்தாள். "உயிர் கீது, போய்ப் படு" என்பார் அவர், கண்ணைத் திறக்காமல்.

ஈஸ்டருக்கு மறுநாள் குடைக்காரர் வண்டியில் கல்லோடு வந்தார். நடுப்பாத்தியில் கோவணத்தோடு ஒரு கிழவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். யாரப்பா நீ, இந்த இடத்துக்காரருக்குக் கடைசி எண்ணெய் பூசியாகிவிட்டது என்றல்லவா சொன்னார்கள் என்று குடைக்காரர் கேட்டார்.

"அது நான்தான். பொட்டிகூட வந்துடுச்சி. கொட்டாயில கீது, பாக்கறியா?"

கொட்டகையைக் காட்டவும் செய்தார். கல்வண்டி திரும்பிப் போய்விட்டது. பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முணுமுணுத்துக்கொண்டே காப்பாற்றினார், ஆனாலும் காப்பாற்றினார்.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் தாத்தா கீரை போட்டார். என் கல்யாணத்துக்கு வந்த எல்லோர் இலையிலும் அவர் கீரை இருந்தது. நடுவில் இரண்டு தடவை படுத்து, இரண்டு தடவையும் சாமியார் வந்தார். கையை நீட்டுவார், நெற்றியைக் காட்டுவார். காலை மட்டும் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

கடைசித் தடவை எண்ணெய்க்கு அவர் நேரம் கொடுக்கவில்லை. காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, காப்பி கேட்டு, கட்டிலில் சாய்ந்தார். அத்தை காப்பி கொண்டு வந்தபோது ஆள் இல்லை. அவளே கிழவிதான் அப்போது. ஆனாலும் யாரையும் தொட விடாமல் அவளேதான் குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, கையில் ஜெபமாலை சுற்றிவிட்டாள். நான் கைக்குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து பெட்டி வந்தது. விதையைக் கவிழ்த்துக் கொட்டித் தட்டியிருந்தார்கள். ஆனால் அது கீரை விதை, எல்லாவற்றையும் தட்ட முடியாது. பலகை இடுக்கில் எல்லாம் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

பெட்டியில் வைத்த பிறகுதான் பெரியப்பா கவனித்தார், காலில் காலைச் சேறு அப்படியே காய்ந்து இருக்கிறதே, குளிப்பாட்டியவள் அதை மட்டும் கழுவவில்லையே என்று. யாரோ செம்பைக் கொண்டு வந்தார்கள். அத்தை அதைக் கையால் மறித்தாள்.

"கழுவாதீங்க. கழுவினா எழுந்து தோட்டத்துக்குப் பூடுவாரு."

சாவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. பெரியப்பாகூடச் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அத்தை அழ ஆரம்பித்தாள். செம்பு அப்படியே திரும்பிப் போனது.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடு. மூன்றாவது பாத்தி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது கல்லறையில் நடந்தது. பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். உள்ளே அவர் கால் மண் இருக்கிறது, இடுக்கில் விதை இருக்கிறது. சாமியார் ஜெபம் சொல்லிவிட்டு, தீர்த்தச் செம்பை வாங்கி, பெட்டி மேல் மூன்று தரம் தண்ணீர் தெளித்தார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.